டிவி காப்புரிமை வழக்கில் ஜெயித்தவருக்குக் கையில் என்ன கிடைத்தது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் புரியும். டிவியைக் கண்டுபிடித்தவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பண்ணை வீட்டுப் பையன் என்றும், ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் அதைத் திருடிக்கொண்டது என்றும், வழக்கில் ஜெயித்தும் அவருக்குப் பலனில்லை என்றும் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் டிவியோடு இணைக்கிற ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருக்கிறார். பெரிய கம்பெனியிடம் சின்னவர் ஜெயிக்கவே முடியாது என்றால் காப்புரிமைக்குப் பணம் போடுவது வீண்தானே என்று கேட்கிறீர்கள். யார் கண்டுபிடித்தார் என்பது உங்கள் கேள்வியின் மேல்தோல்தான். காகிதத்தில் ஜெயிப்பதற்கும் காசு கைக்கு வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் சென்னையில் காப்புரிமை முகவராக 19 வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் மின்னணுக் கருவிகளுக்கு விண்ணப்பம் எழுதுகிற வேலை. அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடியவன் இல்லை. அந்த ஊர் வழக்குகளைத் தீர்ப்புகளையும் காப்புரிமை ஆவணங்களையும் படித்துத்தான் அறிவேன். அந்த வரம்புக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

ஃபார்ன்ஸ்வொர்த்தின் கதையில் எது உறுதி, எது கேள்விப்பட்டது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு வயலை உழும்போது சால் சாலாகப் போன கோடுகளைப் பார்த்து, படத்தையும் இப்படி வரி வரியாக வெட்டி அனுப்பலாமே என்று 14 வயதில் அவருக்குத் தோன்றியது என்பார்கள். அது குடும்பம் சொன்ன கதை. பொய்யென்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை, ஆனால் அதற்கு ஆவணம் கிடையாது. 1922-ல் ரிக்பி ஊர்ப் பள்ளியில் தன் வேதியியல் ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் அந்த யோசனையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார் என்பதற்கு டோல்மனே பிற்பாடு சாட்சி சொன்னார். 1927 ஜனவரி 7 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் என்பதும், அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 202 கிரீன் தெரு ஆய்வகத்தில் ஒரே ஒரு கோட்டை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அனுப்பிக் காட்டினார் என்பதும் உறுதியானவை. அப்போது அவருக்கு வயது 21. விண்ணப்பம் 1930 ஆகஸ்ட் 26 அன்று 1,773,980 என்ற எண்ணில் காப்புரிமையானது.

எதிர்ப்பக்கம் இருந்தவர் விளாடிமிர் ஸ்வோரிகின். ரஷ்யாவிலிருந்து வந்த, நன்றாகப் படித்த விஞ்ஞானி. வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1923 டிசம்பர் 29 அன்றே தொலைக்காட்சி அமைப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். 1930 ஏப்ரலில் ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வகத்துக்கு வந்து மூன்று நாள் போல இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஆர்.சி.ஏ.வில் ஐகானோஸ்கோப் என்ற கேமரா குழாயை உருவாக்கினார். உங்கள் வீடியோவில் 'திருட்டு' என்று சொல்லியிருப்பது இந்தச் சந்திப்பைத்தான். ஃபார்ன்ஸ்வொர்த்தின் குழாயைக் கையில் எடுத்து, இதை நான் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்பவர்கள் ஃபார்ன்ஸ்வொர்த் தரப்பினர். வந்தார், பார்த்தார் என்பது நிச்சயம். பார்த்ததில் எவ்வளவு ஐகானோஸ்கோப்புக்குள் போனது என்பதில் வரலாறு எழுதுபவர்களே ஒத்துப்போவதில்லை. திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன், ஏனென்றால் இரண்டு குழாய்களும் உள்ளே வேலை செய்யும் விதம் வேறு.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஃபார்ன்ஸ்வொர்த்தின் குழாய்க்குப் பெயர் இமேஜ் டிஸெக்டர். லென்ஸ் வழியாகக் காட்சி ஒரு தகட்டில் விழும். வெளிச்சம் பட்ட இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். பளிச்சென்ற இடத்தில் நிறைய, இருட்டில் குறைவு. ஆக, தகட்டுக்கு முன்னால் காட்சி அப்படியே எலக்ட்ரான்களால் ஆன ஒரு பிம்பமாக மிதக்கும். அந்த மொத்தப் பிம்பத்தையும் காந்தச் சுருள்களால் இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைத்து, ஒரு சின்னத் துளையைத் தாண்டிப் போக வைப்பார். துளைக்குள் நுழைந்த எலக்ட்ரான்தான் சமிக்ஞை. அழகான ஏற்பாடு, ஆனால் ஒரு பெரிய குறை உண்டு: எந்த நொடியிலும் துளைக்கு நேராக வந்தவை மட்டும் பயன்படும், மற்றதெல்லாம் வீண். அதனால் கண்ணைக் கூசும் வெளிச்சம் இருந்தால்தான் படம் தெரியும். ஐகானோஸ்கோப் அப்படியில்லை. அதன் தகட்டில் எண்ணற்ற நுண்ணிய புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தை மின்னூட்டமாகச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் கற்றை வந்து தொடும்போது சேர்த்ததை மொத்தமாகக் கொடுக்கும். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் யோசனையில் ஹங்கேரியின் கல்மான் திஹன்யிக்கும் பங்கு உண்டு, அவருடைய காப்புரிமைகளை ஆர்.சி.ஏ. பின்னால் விலைக்கு வாங்கியது. ஸ்டூடியோவுக்கு உதவக்கூடிய கேமரா எது என்று கேட்டால், ஐகானோஸ்கோப்தான்.

அப்படியிருந்தும் ஆர்.சி.ஏ. ஏன் ஃபார்ன்ஸ்வொர்த்தோடு மல்லுக்கு நின்றது? அவருடைய காப்புரிமையின் 15-வது கோரிக்கைதான் காரணம். எங்கள் தொழிலில் கிளெய்ம் என்போம். காப்புரிமையில் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தாலும், வேலி போடுவது கடைசியில் எண் போட்டு வரும் இந்த வாக்கியங்கள்தான். 15-வதின் சாரம் இது: ஒரு மின் பிம்பத்தை உருவாக்கும் அமைப்பு, அந்த மின் பிம்பத்தின் ஒவ்வொரு சிறு பகுதியையும் வருடும் (ஸ்கேன் செய்யும்) அமைப்பு, வருடப்படும் பகுதியின் செறிவுக்கு ஏற்ப மின்னாற்றலைத் தொடராக எழுப்பும் அமைப்பு, இவை கொண்ட தொலைக்காட்சிக் கருவி. இதில் துளை இருக்கிறதா? காந்தச் சுருள் இருக்கிறதா? இல்லை. பிம்பம் மிதக்கிறதா, தகட்டில் ஒட்டியிருக்கிறதா என்றும் சொல்லவில்லை. இமேஜ் டிஸெக்டரைவிட உயர்ந்த குழாயை யார் செய்தாலும், அதில் மின் பிம்பமும் வருடலும் இருந்தால் இந்த வேலிக்குள் வந்துவிடும். ஐகானோஸ்கோப்பில் இரண்டும் இருந்தன. இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இன்றும் இதை எழுதிய கை மேல் மரியாதை குறையவில்லை.

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று சொல்கிறேன். கோவையிலிருந்து ஒருவர் தன் வால்வுக்கு வாங்கிய காப்புரிமையோடு வந்தார். போட்டியாளர் அதே வால்வை விற்கிறார், நிறுத்த வேண்டும் என்றார். எடுத்துப் பார்த்தால் கோரிக்கையில் 'ரப்பர் வளையம்' என்று இருக்கிறது. போட்டியாளர் உலோகச் சுருளில் அந்த வேலையைச் செய்துவிட்டார். எழுதிக் கொடுத்தவர் கசிவைத் தடுக்கும் உறுப்பு என்று பொதுவாக எழுதியிருந்தால் கதையே வேறு. நல்ல வால்வு, நிஜமான கண்டுபிடிப்பு, ஒரு சொல்லில் போய்விட்டது. அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, வழக்குக்கு வருவோம். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு பேர் உரிமை கோரினால் யார் முந்தி என்று காப்புரிமை அலுவலகமே விசாரிக்கும். இன்டர்ஃபரன்ஸ் என்று பெயர். 2013 மார்ச்சுக்குப் பிறகு அங்கேயும் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்று மாறிவிட்டது. நம் நாட்டில் முன்பிருந்தே அப்படித்தான். ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் ஸ்வோரிகினுக்கும் நடந்த இந்த விசாரணை 1932-ல் தொடங்கியது, 64,027 என்பது அதன் எண். ஸ்வோரிகின் பக்கத்து வாதம் எளிமையானது: எங்கள் விண்ணப்பம் 1923, உங்களுடையது 1927, ஆகவே நாங்களே முந்தி.

பள்ளி ஆசிரியர் வந்து சாட்சி சொன்னார், வழக்கு ஜெயித்தது என்று வீடியோக்களில் சொல்வார்கள். மனதுக்கு இதமான காட்சிதான். ஆனால் முடிவு நின்றது வேறு இடத்தில். 1923 விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்த வடிவில் படித்தால், அந்தக் கருவியில் வருடத்தக்க மின் பிம்பம் உண்டாகுமா என்றுதான் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் பார்த்தார். ஒளியுணர் படலம் தகட்டின் மேல் தொடர்ச்சியாக இருந்தால், ஓரிடத்து மின்னூட்டம் பக்கத்து இடத்துக்கு ஓடிவிடும். நனைந்த துணியில் மை விட்டால் எப்படிப் பரவி எழுத்தே தெரியாமல் போகுமோ, அப்படி. தனித்தனிக் குமிழ்த் துளிகளாகப் படலம் இருந்தால்தான் பிம்பம் நிற்கும். அந்தத் துளிகள் பற்றிய பேச்சு முதல் விண்ணப்பத்தில் இல்லை, பின்னால் திருத்தமாகத்தான் வந்தது. ஆகவே இந்தக் கோரிக்கையைக் கேட்கவே ஸ்வோரிகினுக்கு உரிமையில்லை, முன்னுரிமை ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு என்று முடிவானது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஸ்வோரிகினின் 1923 விண்ணப்பம் கடைசியில் காப்புரிமையானது 1938 டிசம்பரில்.

இங்கே உங்கள் அண்ணன் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லாரும் திருட்டு என்று சொல்கிற 1930 சந்திப்பு, ஃபார்ன்ஸ்வொர்த்தின் சட்ட உரிமையை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. அவருடைய காகிதங்கள் மூன்று வருடம் முன்பே தேதியோடு அலுவலகத்தில் இருந்தன. யார் வந்து பார்த்தாலும் அந்தத் தேதியை அசைக்க முடியாது.

அப்புறம் ஏன் அவர் செல்வந்தர் ஆகவில்லை? கோபப்படாமல் தேதிகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள். 1931-ல் ஆர்.சி.ஏ.வின் தலைவர் டேவிட் சார்னாஃப் ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வகத்துக்கு வந்து போனார், 1 லட்சம் டாலர் தருவதாகப் பேச்சு வந்தது, ஃபார்ன்ஸ்வொர்த் தரப்பு மறுத்தது. பிறகு விசாரணையில் முதல் வெற்றி, அதன் பின் மேல்முறையீடு. 1939 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்.சி.ஏ. டிவியை ஊரறிய அறிமுகம் செய்தது. அதற்குச் சில மாதம் கழித்துத்தான் லைசென்ஸில் கையெழுத்தானது: 10 வருடத்தில் 10 லட்சம் டாலர், மேலே ராயல்டி. மற்றவர்களிடம் ராயல்டி வாங்கியே பழகிய ஆர்.சி.ஏ. கொடுக்க ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் 1942-ல் போருக்காக அமெரிக்காவில் டிவி உற்பத்தி நிறுத்தப்பட்டது. அன்றைய காப்புரிமையின் ஆயுள் வழங்கிய தேதியிலிருந்து 17 ஆண்டு. 1930-ல் வழங்கியது 1947-ல் முடிந்தது. அமெரிக்க வீடுகளில் டிவி புகுந்தது அதற்குப் பிந்தைய வருடங்களில். அவர் பெயரில் இருந்த நிறுவனம் 1949-ல் ஐ.டி.டி. என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, அவர் 1971-ல் இறந்தார். அவருக்கு வழக்கில் அநியாயம் நடக்கவில்லை, காலம்தான் கைகொடுக்கவில்லை. எதிராளி இழுத்தடித்ததும் போரும் சேர்ந்து, உரிமை உயிரோடு இருந்த வருடங்களைத் தின்றுவிட்டன. அந்த வருடங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சின்னவர் ஜெயிக்கவே முடியாதா என்ற கேள்விக்கு டிவோ வழக்கு நல்ல பதில். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி, பின்னால் போய்ப் பார்க்கிற பதிவுப் பெட்டியை விற்ற நிறுவனம் அது. 1998-ல் விண்ணப்பித்து 2001-ல் பெற்ற 6,233,389 என்ற காப்புரிமையை வைத்து, டிஷ் சேவையை நடத்திய எக்கோஸ்டார் மீது 2004 ஜனவரியில் டெக்சாஸில் வழக்குப் போட்டது. 2006-ல் ஜூரி சுமார் 7.4 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இங்கேயும் வழக்கு ஒரு சொல்லில்தான் தொங்கியது. வரும் வீடியோ ஓட்டத்தைப் பிரித்துப் பார்த்து, எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டால்தான் பின்னால் தாவவும் நிறுத்தவும் முடியும். அதைக் கோரிக்கை 'பாகுபடுத்துதல்' என்ற பொருளில் சொல்லியிருந்தது. தோற்ற பிறகு எக்கோஸ்டார் 15 பொறியாளர்களைக் கொண்டு 8,000 மணி நேரம் செலவழித்து மென்பொருளை மாற்றியதாகச் சொன்னது. தொடக்கக் குறிகளைத் தேடிக் குறிப்பதை விட்டுவிட்டோம், படம் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு ஊகிக்கிறோம், ஆகவே இது வேறு பெட்டி என்பது அவர்கள் வாதம். ஆனால் நீதிபதி ஏற்கெனவே, விற்ற பெட்டிகளில் பதிவு வசதியை முடக்கு என்று உத்தரவிட்டிருந்தார். அவர்கள் முடக்காமல் மென்பொருளை மட்டும் மாற்றியிருந்தார்கள். 2011 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, முடக்கும் உத்தரவை மீறியது அவமதிப்பே என்றது. மாற்றிய மென்பொருள் பழையதிலிருந்து உண்மையில் வேறுபட்டதா என்ற கேள்வியைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. சில நாளில், மே 2 அன்று, 50 கோடி டாலருக்குச் சமரசம். அதன் பிறகு ஏ.டி. அண்ட் டி. 21.5 கோடி, வெரைசன் 25 கோடி, கூகுளும் சிஸ்கோவும் உள்ளிட்டவர்கள் 49 கோடி என்று வரிசையாக வந்து கொடுத்தார்கள்.

ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் டிவோவுக்கும் என்ன வித்தியாசம் என்றால், இரண்டு என்பேன். டிவோவின் காப்புரிமை வந்த நேரத்திலேயே சந்தையும் இருந்தது. பெட்டிகள் லட்சக்கணக்கில் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது, ஏழு வருடம் வழக்கு நடத்தும் தெம்பு அதற்கு இருந்தது. பங்குச் சந்தையில் இருந்த நிறுவனம், தனி மனிதர் இல்லை.

தெம்பு இல்லாதவர்களுக்கும் இப்போது ஒரு வழி உண்டு. மான்செஸ்டரின் நானோகோ என்ற சின்ன நிறுவனம், குவாண்டம் டாட் என்ற, திரையின் நிறத்தை மேம்படுத்தும் நுண்துகள்கள் பற்றிய தன் காப்புரிமைகளைச் சாம்சங் டிவிகளில் மீறிவிட்டார்கள் என்று 2020-ல் டெக்சாஸில் வழக்குப் போட்டது. செலவை வழக்கில் முதலீடு செய்யும் ஒரு தரப்பு ஏற்றது. காப்புரிமைகளே செல்லாது என்று சாம்சங் காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2022-ல் அங்கே நானோகோ ஜெயித்தது. விசாரணை தொடங்கும் நேரத்தில் சமரசம் பேசி, 2023-ல் 15 கோடி டாலருக்கு முடிந்தது. அதில் முதலீட்டாளர் பங்கும் வழக்குச் செலவும் கணிசமாகக் கழிந்தன. சமரசம் என்பதால், மீறல் நடந்ததா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்குகளுக்கெல்லாம் கடைசியில் டிவி வாங்குகிற நாம்தான் பணம் கொடுக்கிறோமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவு ஆமாம். எம்பெக்-2 என்ற வீடியோச் சுருக்க முறைக்கு நூற்றுக்கணக்கான காப்புரிமைகளை ஒரே கூட்டாகச் சேர்த்து லைசென்ஸ் கொடுத்தார்கள். டிவி, டிவிடி பிளேயர் போன்ற ஒவ்வொரு கருவிக்கும் முதலில் 4 டாலர், 2002-லிருந்து 2.50, 2010-லிருந்து 2 டாலர் என்று கட்டணம் இருந்தது. அமெரிக்காவில் அதன் கடைசிக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் முடிந்தது. அது விலையில் கலந்திருந்தது, ரசீதில் தனியாகத் தெரியாது.

உங்கள் அண்ணனுக்கு நான் சொல்வது: கருவியை முதலீட்டாளரிடமோ கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டுவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடட்டும். தேதி கிடைத்துவிடும், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபருக்கும் சின்ன நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் குறைவு. கருவி முழுக்க மென்பொருள்தான் என்றால் வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை தராத நம் சட்டத்தின் 3(கே) பிரிவு குறுக்கே வரும், அதை யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அதை வாங்க ஆள் இருக்குமா என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள், அந்தக் கணக்கை எந்த முகவரும் போட்டுத் தர முடியாது. தற்காலிக விண்ணப்பத்தை அவரே எழுதுவதாக இருந்தால், 1,773,980-ஐ இணையத்தில் இலவசமாக எடுத்து 15-வது கோரிக்கையை முதலில் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு, தன் கருவியில் இருக்கும் பாகங்களின் பெயரைச் சொல்லாமல், அது செய்கிற வேலையை மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கட்டும். முதல் நாள் வராது. எனக்கும் ஒரு நாளில் வந்ததில்லை.